பிணைப்பும் இணைப்பும்: கட்டட மாதிரிகளிடையே மின்பலகை அட்டவணை



இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் பொறியியல் துறையைச் சார்ந்தது. எனினும் அதன் சிக்கலில் ஒரு பாதி சொல்லைப் பற்றியதாதலின், மொழி மன்றத்தில் அதைப் பேசுவது பொருத்தமே.

கட்டடம் ஒவ்வொன்றிலும் மின்சாரத்தைப் பல சுற்றுகளாகப் பிரித்தனுப்பும் மின்பலகைகள் உண்டு. ஒவ்வொரு பலகைக்கும் ஓர் அட்டவணை உண்டு. சுற்றின் எண், அது எதற்கு மின்சாரம் தருகிறது, விசையின் அளவு, கம்பியின் பருமன், மூன்று முனைகளில் ஒவ்வொன்றும் தாங்கும் சுமை ஆகியவை அதில் நிரல்படக் காணப்படும். பழுதுபார்க்க வருபவர் அதை நம்பியே ஒரு விசையை அணைத்துவிட்டுக் கம்பியைத் தொடுகிறார். எனவே அட்டவணையின் பிழை எழுத்துப்பிழையைப் போன்றதன்று; உயிரைத் தொடும் பிழை.

முன்னாளில் இவ்வட்டவணை வரைதாளில் எழுதப்பட்டது. இன்று அது முப்பரிமாணக் கணினி மாதிரிக்குள் வாழ்கிறது. சிங்கப்பூரில் 2023 டிசம்பரில் அறிமுகமான கோர்நெட் எக்ஸ் முறையில், கட்டட மாதிரிகளே ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கப்படுகின்றன. பெரிய கட்டடத்தை ஒரே மாதிரியில் அடக்குவது அரிது. கட்டடக் கலைஞருக்கு ஒன்று, அமைப்புப் பொறியாளருக்கு ஒன்று என மாதிரிகள் பிரிகின்றன. கீழே கடைத்தொகுதியும் மேலே குடியிருப்புக் கோபுரமும் உள்ள கட்டடமாயின், மின்பணி மட்டுமே இரண்டு மாதிரிகளாவதும் உண்டு. பின்னர் ஒன்றை மற்றொன்றோடு இணைத்துப் பார்க்கிறோம்.

இங்கேதான் இடர்ப்பாடு தொடங்குகிறது. பரவலாகப் பயன்படும் ரெவிட் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதில் மாதிரிகளை இணைத்தால், கோபுரத்தின் மின்பலகை கடைத்தொகுதி மாதிரியில் கண்ணுக்குத் தெரியும். அதன் இடமும் வடிவமும் தெரியும். ஆனால் ஒரு மின்சுற்று அம்மாதிரியின் எல்லையைத் தாண்டாது. கீழ்மாதிரியின் முதன்மைப் பலகையிலிருந்து மேல்மாதிரியின் பலகைக்குச் சுற்று அமைக்க இயலாது. ஆகவே மேலுள்ள சுமை கீழுள்ள அட்டவணையில் தானாகச் சேராது.

ஒரு கணக்கால் இதை விளக்குவோம். கீழிருந்து கோபுரப் பலகைக்குச் செல்லும் விசை 100 ஆம்பியர் அளவுடையது. முனை ஒன்றுக்கு 90 ஆம்பியர் சுமை எனக் கீழ் அட்டவணை காட்டுகிறது எனக் கொள்வோம். மேல்மாதிரியில் பணிபுரிபவர் 2 கிலோவாட் நீர்ச்சூடேற்றிகள் ஆறினை முனைக்கு இரண்டாகச் சேர்க்கிறார். 230 வோல்ட்டில் முனைக்கு ஏறத்தாழ 17 ஆம்பியர் கூடுகிறது. எல்லாம் ஒருங்கே இயங்கினால் உண்மைச் சுமை 107 ஆம்பியர். கீழ் அட்டவணையோ இன்னும் 90 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இரு மாதிரிகளும் திரையில் அழகுறப் பொருந்தி நிற்பதால் எவருக்கும் ஐயம் எழாது.

இதற்குத் தீர்வு என்ன? இயலுமாயின், மின்பணி முழுவதையும் ஒரே மாதிரியில் வைத்துப் பலரும் அதில் கூடிப் பணிபுரிவதே நன்று. பிரித்தே ஆகவேண்டுமெனில், மேற்பலகைக்குப் பதிலாகக் கீழ்மாதிரியில் ஒரு பதிலியை நிறுத்தி, மேலுள்ள சுமையை அதன்மேல் ஏற்றுகின்றனர். பதிலியும் உண்மைப் பலகையும் ஒரே பெயரைத் தாங்க வேண்டும். மொத்தச் சுமையை மட்டுமன்றி, மூன்று முனைகளின் சுமையையும் தனித்தனியே தரவேண்டும்; மொத்தம் சரியாக இருந்தும் ஒரு முனை மட்டும் மிகுசுமையால் திணறக்கூடும்.

கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் இயங்கா என்பதால், மொத்தச் சுமையை ஒரு காரணியால் பெருக்கிக் குறைத்துக் கணக்கிடுவர். 100 கிலோவாட் சுமை 0.8 என்னும் காரணியால் 80 ஆகிறது. குறைத்த அந்த எண்ணைக் கீழ்மாதிரிக்கு அனுப்ப, அங்கிருப்பவர் மீண்டும் குறைத்தால் அது 64 ஆகிவிடும். 16 கிலோவாட் தாளில் மறைந்துபோகும், கம்பியில் மறையாது. ஆதலின் அனுப்பும் எண் குறைக்கப்பட்டதா, குறைக்கப்படாததா, எந்த நாளுக்குரியது என்பவற்றையும் உடன் எழுதியனுப்புதல் கடமை.

இவை அனைத்திற்கும் அடிப்படை ஒன்றே: அட்டவணைக்கு உரியவர் ஒருவரே, ஏனையோரிடம் இருப்பது படி. படி பெருகினால் வேறுபாடு பெருகும் என்பது தமிழாசிரியர்களுக்குப் புதிதன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், பல ஏட்டுப் படிகளைத் தேடி ஒப்புநோக்க நேர்ந்ததை நாம் அறிவோம். ஏட்டின் பாடவேறுபாட்டை ஆய்ந்து தெளியக் காலம் இருந்தது. மின்பலகையின் முன் நிற்கும் தொழிலாளிக்கு அக்காலம் இல்லை.

இனிச் சொல்லுக்கு வருவோம். மாதிரியோடு மாதிரியைச் சேர்ப்பதையும் ‘இணைப்பு’ என்கிறோம். கம்பியைப் பலகையோடு சேர்ப்பதையும் ‘இணைப்பு’ என்கிறோம். ‘இணைத்தாயிற்று’ என்று ஒருவர் சொன்னால், பார்வைக்குச் சேர்த்தாரா, மின்சுற்றைச் சேர்த்தாரா? சொல் ஒன்றாகிவிட்டதால் இரண்டும் நிறைவேறிவிட்டதாக மனம் மயங்குகிறது. ‘மின்னிணைப்பு’ மக்கள் நாவில் ஊன்றிய சொல்; அதை அவ்வாறே காப்போம். மாதிரிகளைச் சேர்ப்பதற்குப் ‘பிணைப்பு’ என்னும் சொல்லை வகுப்பறையில் வழங்கிப் பார்க்கலாம். ‘மாதிரிகள் பிணைக்கப்பட்டுள்ளன, சுமை இன்னும் சேர்க்கப்படவில்லை’ என்று ஒரு மாணவர் தெளிவாகச் சொல்லக் கற்றுக்கொண்டால், பாதிப் பிழை அங்கேயே தவிர்க்கப்படும்.

கலைச்சொல் ஆக்கம் அகராதிக்கு அணி சேர்ப்பதற்காக மட்டும் அன்று. வேறான இரண்டை வேறெனக் காட்டுவதே அதன் முதற்பணி. அப்பணியைத் தமிழால் செய்ய இயலும். செய்ய வேண்டியவர்கள் இவ்வவையிலேயே இருக்கின்றீர்கள்.