கீபோர்டில் உங்கள் வங்கிக்கு ஒரு பொத்தான்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது உறுப்பினர் ஒருவர் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். “கீபோர்டு மேல் வரிசையில் கடித உறை படம் போட்ட பொத்தான் இருக்கிறது சார். அழுத்தினால் நான் பார்த்தே இராத ஏதோ ஒரு மெயில் புரோகிராம் வந்து, புதுக் கணக்கு தொடங்கு என்கிறது. எனக்கு ஜிமெயில்தானே வேண்டும்?” செயலாளர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, அடுத்த கூட்டத்தில் இதையே பேசுங்கள் என்று சொல்லிவிட்டார். நான் பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக இருந்தவன். அந்தப் பாஷையில்தான் எனக்கு விளக்க வரும்.

அந்தக் காலத்தில் கவுண்டரில் செக் கொடுத்தால் பித்தளை டோக்கன் ஒன்று தருவோம். அதில் ஓர் எண் மட்டும் இருக்கும். யாருடைய பணம், எவ்வளவு என்பது டோக்கனுக்குத் தெரியாது. அது கேஷியர் பக்கத்துக் கணக்கில் இருக்கும். கீபோர்டு பொத்தானும் அப்படித்தான். உறைப் பொத்தானை அழுத்தினால் விண்டோசுக்குப் போய்ச் சேருவது 15 என்ற எண். வீடு படத்துக்கு 7, கால்குலேட்டருக்கு 18. எந்த எண்ணுக்கு எதைத் திறப்பது என்று விண்டோஸ் தன் பேரேட்டில் எழுதி வைத்திருக்கிறது. அதற்கு ரெஜிஸ்ட்ரி என்று பெயர். அதில் 15-க்கு எதிரே ஜிமெயில் முகவரியை எழுதிவிட்டால் பொத்தான் ஜிமெயிலைத் திறக்கும். ஆனால் பேரேட்டில் தெரியாதவர் கை வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அந்த வேலையை விவரம் தெரிந்த பிள்ளைகள் ஊருக்கு வரும்போது செய்து தரச் சொல்லுங்கள்.

நாமே செய்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. வேண்டிய இணையதளத்தின் முதல் பக்கத்தைத் திறந்து, மேலே இருக்கும் முகவரியைக் காப்பி செய்யுங்கள். லாகின் செய்த பிறகு வரும் பக்கத்தின் முகவரி வேண்டாம், அது அடுத்த நாள் வேலை செய்யாது. பிறகு டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் மவுசின் வலது பொத்தான், நியூ, ஷார்ட்கட். முகவரி கேட்கும் இடத்தில் ஒட்டுங்கள். பெயர் கேட்கும், ‘வங்கி’ என்று தமிழிலேயே வைக்கலாம். டெஸ்க்டாப்பில் ஒரு படம் வந்து உட்காரும். அதன்மேல் மறுபடி வலது பொத்தான், ப்ராப்பர்டீஸ். ‘ஷார்ட்கட் கீ’ என்ற கட்டத்தில் ஒரு முறை கிளிக் செய்து, ஆங்கில ‘பி’ எழுத்தை மட்டும் தட்டினால் போதும். கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் விண்டோசே சேர்த்துக்கொள்ளும். ஓகே கொடுங்கள். இனி கண்ட்ரோல், ஆல்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் உங்கள் வங்கி. இதேபோல் ‘ஜி’க்கு ஜிமெயில், ‘இ’க்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின் கட்டணம். அந்தப் படம் டெஸ்க்டாப்பில் இருக்கும்வரைதான் இது வேலை செய்யும். அடைசலாக இருக்கிறதே என்று வேறு ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டு, பொத்தான் கெட்டுவிட்டது என்று சொல்லாதீர்கள்.

அடிக்கடி திறக்கும் புரோகிராமைத் திரையின் கீழே டாஸ்க்பாரில் பின் செய்து வைத்தால், விண்டோஸ் கீயுடன் 1, 2, 3 என்று அழுத்தியும் திறக்கலாம். 2024-லிருந்து வரும் லேப்டாப்கள் பலவற்றில் கோபைலட் என்று புதுப் பொத்தான் இருக்கிறது. விண்டோஸ் கீ வந்தது 1994-ல்; அதற்குப் பிறகு ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து மைக்ரோசாஃப்ட் சேர்த்த பொத்தான். கேட்டவர் யார் என்றுதான் புரியவில்லை. போகட்டும், செட்டிங்ஸில் அதையும் ஓரளவு மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு நொடி மிச்சமாவதற்கா இத்தனை பாடு என்று நினைக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நம்மில் பலர் வங்கித் தளத்துக்கு எப்படிப் போகிறோம்? கூகுளில் வங்கியின் பெயரை அடித்து, முதலில் வருவதைத் தொடுகிறோம். முதலில் வருவது காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாக இருக்கலாம், வங்கி மாதிரியே ஜோடித்த போலித் தளமாகவும் இருக்கலாம். கஸ்டமர் கேர் எண்ணைத் தேடுவது இன்னும் ஆபத்து. மறுமுனையில் சாந்தமாகப் பேசி, ஒரு ஆப் இறக்கச் சொல்லி, ஓடிபி வாங்கி, ரிட்டயர்மென்ட் பணத்தை வழித்துவிடுகிறார்கள். நம் நான்குமுனை சந்திப்பில் பஸ்ஸின் போர்டைப் பார்க்காமல் முதலில் வந்து நிற்கும் பஸ்ஸில் ஏறுவோமா? கும்பகோணம் போக நினைத்தவர் விருத்தாசலத்தில் இறங்குவார். அங்கே போவது பஸ் காசு மட்டும்தான்.

பொத்தான் வைத்துக்கொண்டால் தேடுவதே இல்லை. ஆனால் முதல் நாள் தப்பான முகவரியை ஒட்டினால், பொத்தான் தினமும் விசுவாசமாகத் தப்பான இடத்துக்கே கூட்டிப்போகும். அதனால் அந்த ஒரு நாள் சிரமப்பட வேண்டும். கிளைக்கு நேரில் போய் முகவரியைக் கேட்டு எழுதி வாங்குங்கள். இப்போது சரிபார்க்க நல்ல அடையாளமும் இருக்கிறது. வங்கிகள் எல்லாம் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. யார் வேண்டுமானாலும் அந்த முகவரியை வாங்க முடியாது. ஹைதராபாத்தில் இருக்கும் ஐடிஆர்பிடி என்ற ரிசர்வ் வங்கியின் நிறுவனம்தான் கொடுக்கிறது. எங்கே முடிகிறது என்பதைக் கவனியுங்கள். ஆரம்பத்தில் வரும் இரட்டைக் கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக ‘பேங்க் டாட் இன்’ இருக்க வேண்டும். அதற்கும் சாய்கோட்டுக்கும் நடுவே வேறு வார்த்தை இருந்தால் போலி. அரசுத் தளம் என்றால் ‘கவ் டாட் இன்’. பென்ஷன்காரர்களின் ஜீவன் பிரமாண் தளமும் அப்படித்தான் முடியும்.

கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் செல்போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, குரோமின் மூன்று புள்ளி மெனுவில் ‘ஹோம் ஸ்கிரீனில் சேர்’ என்பதைத் தொடுங்கள். அதே பலன்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால், வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டாம். உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்கு முன் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருப்பது ஆரம்ப நேரத்தில்தான். வங்கிக்கும் சொல்லுங்கள். அந்த எண்ணைப் பாஸ்புக்கிலிருந்தோ ஏடிஎம் கார்டின் பின்பக்கத்திலிருந்தோ எடுங்கள்.

லேப்டாப் கொண்டு வந்திருக்கிறவர்கள் ஒவ்வொருவராக இந்த மேஜைக்கு வாருங்கள், சேர்ந்தே செய்துவிடலாம். பாஸ்வேர்டு அடிக்கும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.