நிற்க வேண்டிய இடங்கள்

பிரயாண இலக்கியம் என்றதும் புறப்பட்ட இடமும் போய்ச் சேர்ந்த இடமும் நம் நினைவுக்கு வருகின்றன. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் வீதியை எழுத்தாளர்கள் பெரும்பாலும் நித்திரையிலேயே கடந்துவிடுகிறார்கள். ஆனால் வீதியோரத்திலும் சில விநோதமான தரிப்பிடங்கள் உண்டு. சுற்றுலாக் கையேடுகள் அவற்றுக்கு ஒரு வரிக்குமேல் ஒதுக்குவதில்லை. கண்டவர்களோ மறப்பதில்லை. இன்று யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரையும் ஏ-9 வீதி வழியே உங்களை அழைத்துப்போய், அப்படிப்பட்ட சில இடங்களில் இறக்கிவிட எண்ணியிருக்கிறேன்.

முதலில் ஆனையிறவு. முன்னொரு காலத்தில் வன்னியிற் பிடித்த யானைகளை இந்த ஆழமில்லாக் கடல்நீரில் இறக்கிக் குடாநாட்டுக்கு நடத்திச் சென்றார்கள். பெயரிலேயே அந்தச் சரித்திரம் இருக்கிறது. வீதியின் இரு புறமும் நீர்வெளி, உப்பளம், ஓயாத காற்று. அங்கே ஒரு பழைய புல்டோசர் நிற்கிறது. நிலத்தைச் சமன் செய்வதற்கென்று பிறந்த அந்த யந்திரத்துக்கு இரும்புத் தகடுகளை அறைந்து கவச வண்டியாக்கி, 1991 ஜூலையில் புலிகள் படைமுகாமை நோக்கி ஓட்டினார்கள். அதன்மேல் ஏறிக் குண்டெறிந்து தானும் மடிந்த இராணுவ வீரர் காமினி குலரத்தினவின் நினைவாக அது இன்று காட்சிக்கு நிற்கிறது. தெற்கிலிருந்து வருகிறவர்கள் இறங்கி, பிள்ளைகளை முன்னே நிறுத்திப் படம் பிடிக்கிறார்கள். அந்தச் சமரில் இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். மறுதரப்பில் மாண்ட பிள்ளைகளின் தாய்மாரும் இதே வீதியால்தான் பஸ்சிற் போகிறார்கள். அவ்விடம் வந்ததும் எதிர்ப்பக்க யன்னலால் நீர்வெளியைப் பார்த்திருக்கும் முகங்களை நான் கண்டிருக்கிறேன். ஒருவர் இறங்கிப் பார்க்கும் இடத்தில் இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இரண்டுமே நினைவுதான்.

பரந்தனையும் கிளிநொச்சியையும் தாண்டினால் முறிகண்டி. வானளாவிய கோபுரம் எதுவுமில்லை. வீதியோரத்தில் சிறிய பிள்ளையார் கோயில், அவ்வளவுதான். ஆனால் எத்தனை அவசரமென்றாலும் எந்தச் சாரதியும் அங்கே காலைப் பிரேக்கில் வைக்காமற் போவதில்லை. சைவர், வேதக்காரர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற பேதமெல்லாம் அந்த ஐந்து நிமிடத்துக்குக் கிடையாது. தேங்காய் உடைக்க வேண்டும். கர்ப்பூரம் கொளுத்த வேண்டும். பிறகு கடை வரிசையில் ஒரு சரை கச்சான் வாங்க வேண்டும். கச்சானுக்கும் பிள்ளையாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடாது. முறிகண்டிக் கச்சான் இல்லாமல் வீடு வந்தவனைப் பிள்ளைகள் பிரயாணம் போனவனாகவே மதிப்பதில்லை!

இந்த வீதி 1990இல் மூடுண்டது. குடாநாட்டு மக்கள் இரவில் கிளாலிக் கடலைப் படகில் கடந்தார்கள். 2002இல் வீதி திறந்தது; 2006இல் மீண்டும் மூடியது; 2009இல் போர் ஓய்ந்த பின்னரே மறுபடி திறந்தது. 2002இல், பாதை திறந்த புதிதில், யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட பஸ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா இருந்தார். முறிகண்டியில் இறங்கி இரண்டு தேங்காய் வாங்கினார்.

"ஏனம்மா ரெண்டு?" என்று கேட்டேன்.

"ஒண்டு இண்டைக்கு, தம்பி. மற்றது தொண்ணூறாம் ஆண்டுக்கு. அண்டைக்கு வவுனியாவிலிருந்து சனத்தோடை சனமாய் லொறியிலை ஓடி வரேக்கை இதிலை நிக்கேல்லை. பிள்ளையாருக்குக் கடன் வைக்கக்கூடாது."

பன்னிரண்டு வருஷத்துக் கடன்! நிற்காமற் போன ஓர் இடத்துக்கு நாம் கடன்பட்டவர்கள் ஆகிறோம் என்று எந்த இலக்கிய விமர்சகரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்த அம்மா சொல்லித் தந்தார். அன்றுமுதல் இந்த வீதியை நான் அந்தக் கண்ணாலேயே பார்த்து வருகிறேன்.

இனி நீண்ட ஓட்டம். வவுனியா, மதவாச்சி, மிகிந்தலை எல்லாம் கழிகின்றன. தம்புள்ளையின் பொன்னிறப் புத்தரை வாகனத்திலிருந்தபடியே காணலாம். அதற்கு என் துணை தேவையில்லை. நாவுலை கடந்ததும் பிரதான வீதியிலிருந்து சற்றே உள்ளே திரும்பினால் நாலந்த கெடிகே என்னும் கற்கோயில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டதெனக் கருதப்படும் இது, அமைப்பில் மாமல்லபுரத்துக் கோயில்களின் உறவுக்காரன்; வழிபாட்டிலோ பௌத்தம். இலங்கையின் நடுப்புள்ளி இதுவே என்று ஊரவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அதைவிட விநோதம், இக்கோயில் தான் பிறந்த இடத்தில் இன்று இல்லை என்பதே. மகாவலித் திட்டத்தில் போவதென்ன நீர்த்தேக்கம் எழுந்தபோது, நீருக்குள் அமிழவிருந்த கோயிலைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, 1980 அளவில் மேட்டில் மீண்டும் அடுக்கினார்கள். நம் நாட்டில் மனிதர் மட்டுமல்ல, கோயிலும் இடம்பெயர்ந்திருக்கிறது. ஆனால் கோயிலின் கற்கள் ஒவ்வொன்றுக்கும் மறுபடி ஓர் இடம் கிடைத்தது. மனிதர்களின் கதை அப்படி முடிவதில்லை.

மாத்தளை நகருக்குச் சற்று முன்னே அளுவிகாரை. வாய்மொழியாகவே வந்த திரிபிடகம், கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், இங்குள்ள பாறைக் குகைகளிலேயே முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. பஞ்சத்தாலும் போராலும் பிக்குகள் குறைந்துபோக, மனப்பாடம் செய்தவர்களோடு நூலும் மாண்டுவிடுமோ என்ற அச்சமே அவர்களை எழுத வைத்ததாம். இப்போதும் அங்கே தாளிப்பனை ஓலையில் எழுத்தாணியால் எழுதி, மை பூசித் துடைத்துக் காட்டுகிறார்கள். கீறியபோது கண்ணுக்குத் தெரியாத எழுத்து, துடைத்ததும் கறுப்பாக எழுந்து வரும். வந்தவரின் பெயரை எழுதித் தருவதும் உண்டு. என் பெயரும் ஓர் ஓலைத் துண்டில் என் மேசையில் இருக்கிறது.

நகருக்குள் வந்தால், வீதியோரத்திலேயே முத்துமாரியம்மன் கோயில். மாசி மகத்தில் ஐந்து தேர்கள் புறப்படும் பெருங்கோயில். அதன் முன்னே நின்று, வந்த வழியை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கடந்த நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழகத்திலிருந்து வந்தவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே தம்புள்ளைக்கும் அங்கிருந்து மாத்தளைக்கும் நடந்தார்கள். நாம் குளிரூட்டிய வாகனத்தில் ஒரு மணித்தியாலத்தில் கடந்த அந்தத் துண்டுப் பாதையையும் அவர்கள் காலால் அளந்தார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். பிழைத்து வந்தவர்களின் தாய் இந்த மாரியம்மன். வழியில் விழுந்தவர்களின் பெயர்களை எந்த ஓலையிலும் எவரும் எழுதவில்லை. எழுதியிருந்தால் அது கங்காணியின் கடன் கணக்காகத்தான் இருந்திருக்கும்.

2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து ஒரு கூட்டம் அதே வழியை நினைந்து நடக்கத் தொடங்கியது. மலையக மக்களின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்த அந்த நடைபயணம் ஓகஸ்ட் 12ஆந் திகதி மாத்தளையில் நிறைவுற்றது. முறிகண்டி அம்மாவின் பாஷையிற் சொன்னால், அவர்கள் இரண்டாவது தேங்காயை உடைத்தார்கள்.

நேயர்களே, ஆனையிறவில் யந்திரம் நிற்கிறது. முறிகண்டியில் பிள்ளையார் இருக்கிறார். நாலந்தவில் கல் இருக்கிறது. அளுவிகாரையில் ஏடு இருக்கிறது. தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடையே, நடந்து மாண்டவர்களுக்காக, வாகனத்தை நிறுத்தச் சொல்லும் ஒரு கல்லும் இதுவரை என் கண்ணிற் படவில்லை. அடுத்த முறை அவ்வழியாற் போகும்போது, எங்காவது ஒரு மரநிழலில் நிறுத்துங்கள். பார்ப்பதற்கு எதுவும் இராது. ஐந்து நிமிடம் இறங்கி நின்றுவிட்டுப் போங்கள். கூட வரும் பிள்ளைகள், "இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். சொல்வதற்கு உங்களிடம் ஒரு கதை இருக்கிறது.