நொதிக்கும் பானை: நாட்டுக்கு நாடு



பெங்களூர்க் காக்ஸ் டவுனில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கேழ்வரகு புதிதன்று. அதனை ஊறவைத்து, துணியில் முடிந்து, முளைவிட்டபின் உலர்த்தி அரைத்தால் குழந்தைக்குக் கஞ்சிமாவு கிடைக்கிறது. மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைத்து மறுநாள் கூழ் காய்ச்சுவதும் உண்டு. முளைகட்டுதல், புளிக்கவைத்தல் என்னும் இவ்விரு செயல்களையும் நன்கு உணர்ந்துகொண்டால், உலகின் நொதிபானங்கள் பலவற்றின் அடிப்படை நமக்கு விளங்கிவிடும்.

கூழைப் புளிக்கச் செய்வன பெரும்பாலும் பாக்டீரியாக்கள். பானத்திற்கு மயக்கம் தருவதோ ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர். ஈஸ்ட் சர்க்கரையை உண்டு சாராயத்தை உண்டாக்கும். மாச்சத்தை நேரே உண்ண அதனால் இயலாது. திராட்சையில் சர்க்கரை இயற்கையாகவே உண்டு. ஆகவே பிழிந்து வைத்தாலே நொதிக்கும். தானியத்தில் இருப்பதோ மாச்சத்து. அதனை எவ்வாறு இனிப்பாக்குவது? இவ்வொரு வினாவுக்கு ஒவ்வொரு நாடும் கண்ட விடையே பானங்களின் வேற்றுமைக்குத் தலையாய காரணம்.

ஐரோப்பியர் கண்ட விடை முளை. பார்லி முளைக்கும்பொழுது அதனுள் தோன்றும் நொதிகள் மாச்சத்தைச் சர்க்கரையாக்கும். அவ்வாறு கிடைப்பது பீர். ஜப்பானியர் கண்ட விடை பூஞ்சை. வெந்த அரிசியின்மேல் கோஜி என்னும் பூஞ்சையை வளர்ப்பர். பூஞ்சை இனிப்பாக்குவதும் ஈஸ்ட் நொதிக்கச் செய்வதும் ஒரே கலத்தில் ஒருங்கே நடைபெறுவதால், சாக்கே என்னும் அப்பானம் பீரினும் பன்மடங்கு வலிமை பெறுகிறது. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாட்டில் மக்காச்சோளத்தை வாயில் மென்று உமிழ்ந்து, உமிழ்நீரின் நொதியைக் கொண்டே சிச்சா செய்யும் வழக்கம் இருந்தது. முளைகட்டிச் செய்யும் முறையும் அங்கு உண்டு.

நம் கேழ்வரகுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. சிக்கிமிலும் டார்ஜிலிங்கிலும் வெந்த கேழ்வரகில் மர்ச்சா என்னும் உறைவில்லையைப் பொடித்துத் தூவி நொதிக்க வைப்பர். பின்னர் மூங்கிற் குவளையில் இட்டு வெந்நீர் ஊற்றி, குழலால் உறிஞ்சுவர். அதற்குத் தோங்பா என்று பெயர். மைசூர்ச் சீமையில் களியாகும் தானியம் இமயச் சாரலில் பானமாகிறது!

தமிழர் இதனை அறியாதவரா? பெரும்பாணாற்றுப்படையைக் காண்க. அரிசிக் களியை அகன்ற தட்டில் ஆறவிட்டு, அடையைக் கலந்து, இரு பகலும் இரு இரவும் கழித்துச் சாடியில் விளையவைக்கும் முறையை உருத்திரங்கண்ணனார் படிப்படியாகக் கூறுகிறார்.

பனையேறியின் அறிவு இதனினும் நுட்பமானது. பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறார். உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைப்பட்டுப் பதநீர் கிடைக்கும், தடவாவிட்டால் கள். பிரான்சில் பாஸ்டர் பீரைப் பற்றிய தம் ஆராய்ச்சி நூலை வெளியிட்டது 1876-இல். நொதித்தலின் காரணம் இவ்வாறு ஏட்டில் ஏறுமுன்பே அதனைத் தடுக்கும் வழியைப் பனையேறிகள் கையாண்டு வந்தனர்.

ஆயினும் ஒன்றின் வாழ்வை உறுதிசெய்வது அறிவு மட்டுமன்று; பயணம் செய்யும் ஆற்றலும் ஆகும். 1883-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் ஹான்சன் தனியொரு ஈஸ்ட் வகையைப் பிரித்து வளர்த்தார். அதன்பின் பீரின் சுவை ஆண்டு முழுதும் மாறாதிருக்கச் செய்ய முடிந்தது. பெங்களூரில் தலைமையகம் கொண்ட யுனைடெட் ப்ரூவரீஸ், தென்னாட்டுப் பீர் ஆலைகள் சிலவற்றை ஒன்றிணைத்து 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்பவரால் நிறுவப்பட்டது. புட்டியில் அடைத்த பீர் மாதக்கணக்கில் கெடாது. கள்ளோ காலையில் இனித்து, மாலையில் கடுத்து, மறுநாள் காடியாகும் தன்மையது. எனவே ஒன்று ஆலைத்தொழிலாயிற்று. மற்றொன்று மரத்தடியிலேயே நின்றது.

சட்டமும் இவற்றை ஒரே வகையாக நடத்தவில்லை. கேரளத்தில் கள்ளுக்கடைகள் உள்ளன. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. பீர் விற்பனைக்கோ தடையில்லை. குடியால் குடும்பங்கள் அழிவதை நாம் அறிவோம். குடிக்கப் பரிந்து பேசுவது நம் நோக்கமன்று. மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நமக்கு ஒரு கவலை உண்டு. காய்ச்சி வடித்த சாராயமும், பானையில் விளைந்த கள்ளும், ஆலையில் வடித்த பீரும் 'மது' என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. சொல் ஒன்றானால் வேறுபாடு மறைகிறது. வேறுபாடு மறைந்தால் தொழிலறிவும் மறைகிறது.

பாளையை எப்போது சீவுவது, எவ்வளவு சுண்ணாம்பு இடுவது என்பனவெல்லாம் முதிய பனையேறிகளின் கைப்பழக்கத்தில் உள்ளன. அவர்தம் பிள்ளைகள் பலர் வேறு தொழில் நாடிவிட்டனர். கள் வேண்டுமா, வேண்டாவா என்பதை நாடு முடிவு செய்யட்டும். அக்கலை மட்டும் அவர்களோடு மறையாதிருக்க வேண்டுமெனில், இன்றே கேட்டு எழுதிவைத்தல் நம் கடமை.