பாடுபட்ட உடலும் அதன் முன் நின்றோரும்

இடைக்கால ஐரோப்பியக் கிறித்தவக் கலையில் துன்புறும் உடல் எதைக் குறித்தது என்பதே இக்கருத்தரங்கின் பொருள். இயேசுவின் இறுதித் துயரைத் தமிழ்க் கிறித்தவர் 'பாடுகள்' என்பர். உழைப்பையும் துன்பத்தையும் ஒருங்கே சுட்டும் அச்சொல், இங்கு ஆராயப்படும் கலையின் உட்பொருளுக்கு மிக அண்மையில் நிற்கிறது.

சிலுவையில் அறையுண்டவரை வலியோடு காட்டும் வழக்கம் தொடக்கம் முதலே இருந்ததன்று. உரோமையின் சாந்தா சபீனா ஆலய மரக்கதவில் ஏறத்தாழ 430ஆம் ஆண்டில் செதுக்கப்பட்ட காட்சியில் கிறிஸ்து விழித்த கண்களோடு நிமிர்ந்து நிற்கிறார். சாவை வென்றவர் என்பதே அவ்வுருவின் செய்தி. கொலோன் பேராலயத்தில் உள்ள, 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த கேரோ சிலுவையிலோ தலை சாய்ந்து, கண் மூடி, வயிறு சரிந்து உடல் தொங்குகிறது. 1224இல் லா வெர்னா மலையில் அசிசி நகர் பிரான்சிசு ஐந்துகாய வரம் பெற்றார், அதாவது கிறிஸ்துவின் கை, கால், விலாக் காயங்கள் அவர் உடலிலும் தோன்றின என்னும் நம்பிக்கை பரவியபின், வலியைக் காண்பதோடு அதில் பங்கேற்பதும் பக்தியாயிற்று.

இம்மரபின் உச்சம், மத்தியாஸ் குரூனவால்ட் 1512க்கும் 1516க்கும் இடையில் அல்சாசு நாட்டு இசன்ஹைம் மடத்துக்குத் தீட்டிய பீட ஓவியமே. அம்மடத்து அந்தோனியார் சபைத் துறவியர், 'புனித அந்தோனியார் நெருப்பு' என்று அழைக்கப்பட்ட நோயால் வாடியோரைப் பேணினர். எர்காட் என்னும் பூஞ்சை பற்றிய ரை தானியத்தை உண்பதால் வருவது அந்நோய். இரத்தக் குழாய்கள் சுருங்க, உடல் தீப்பட்டதுபோல் எரிய, விரலும் காலும் கறுத்து அழுகும். காரணம் அன்று எவருக்கும் தெரியாது. உயிர் காக்க உறுப்பை வெட்டியெடுப்பதும் உண்டு. இந்நோயாளர் பீடத்தின்முன் கண்டது சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவின் பசுமை படர்ந்த தோலையும், உடலெங்கும் முள் தைத்த புண்களையும், விறைத்துக் கோணிய விரல்களையும். அஃதாவது தம் உடலையே. சிலுவை நட்டநடுவில் நில்லாது சற்று ஒதுங்கியிருப்பதால், அக்காட்சி தீட்டப்பட்ட பீடக் கதவுகளைத் திறக்கையில் கிறிஸ்துவின் ஒரு கை உடலினின்று பிரிவதுபோல் தோன்றும். உறுப்பிழந்தோரை எண்ணியே ஓவியர் இவ்வாறு அமைத்தார் என்னும் ஆய்வாளர் சிலரின் கருத்து ஏற்கத்தக்கதே. திறந்த கதவின் உட்புறத்தில் ஒளிவட்டத்தினுள் உயிர்த்தெழும் உடலில் தோல் தெளிந்துவிட்டது. ஐந்து காயங்கள் மட்டும் ஒளிர்கின்றன.

இக்கலையைச் சாவின்மீது கொண்ட மோகம் என்று ஒதுக்குவது பிழை. அத்தீர்ப்பு, இன்று கொல்மார் நகரின் அருங்காட்சியகத்தில் நிற்கும் ஓவியத்தை மட்டும் பார்த்து, அதன்முன் கிடத்தப்பட்டவரை மறந்ததால் விளைவது. அங்கே உடல், கைவிடப்பட்டோருக்குக் கடவுள் துணையிருக்கிறார் என்பதன் அடையாளமாக நின்றது.

ஆயினும் இவ்வடையாளத்தின் இருண்ட பக்கத்தை மறைப்பது ஆய்வுக்கு அழகன்று. பாடுகளின் காட்சிகள் பலவற்றில் கொடுமை செய்வோர் யூதராகவும் கோர முகத்தினராகவும் வரையப்பட்டனர். கிறிஸ்துவின் காயத்துக்காகக் கண்ணீர் வடித்த அதே பக்தி, அயலார்மீது வெறுப்பையும் வளர்த்தது. அதே அல்சாசில், ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து யூதர்கள், கிணறுகளில் நஞ்சிட்டுக் கொள்ளைநோயைப் பரப்பினர் என்னும் பொய்ப்பழிக்கு ஆளாகி, 1349 பிப்ரவரியில் நூற்றுக்கணக்கில் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களும் துன்புற்ற உடல்களே. அவர்களுக்கெனப் பீடம் எதுவும் எழவில்லை.

ஆகவே இங்கு கட்டுரை வழங்கவிருக்கும் அறிஞர்கள் ஓவியத்தின் குறியீடுகளை விளக்குவதோடு நின்றுவிடாமல், ஒவ்வோர் உருவின் முன்னும் யார் நின்றனர், யார் நிற்க விடப்படவில்லை என்பதையும் ஆராய்ந்து கூறுமாறு இவ்வவை வேண்டுகிறது.