திறவுகோலை ஒப்படைக்கும் தொழில்

(விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருமணப் பேச்சு நடக்கும் வீடுகளில் இக்காலத்தில் புதியதொரு தயக்கம் தோன்றியுள்ளது. "மாப்பிள்ளை எந்த நிறுவனத்தில் பணியாற்றுகிறார்?" என்று கேட்டால், "எந்த நிறுவனத்திலும் இல்லை, வீட்டிலிருந்தே இணையத்தளங்கள் அமைத்துக் கொடுக்கிறார்" என்று விடை வருகிறது. அதற்குமேல் என்ன கேட்பது என்று அறியாமல் கேட்டவர் வாய்மூடிக்கொள்கிறார். பெண்மக்கள் பலரும் இத்தொழிலில் ஈடுபட்டுள்ளனர். அடையாள அட்டையும் மாதச் சம்பளமும் இல்லாத இத்தொழில் எதன்மேல் நிற்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர், 1989ஆம் ஆண்டில் உலகளாவிய வலைக்கான திட்டத்தை வரைந்தார். 1993 ஏப்ரல் 30 அன்று அவ்வாய்வுக்கூடம், அந்த நுட்பத்தை யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அக்கொடையின் பயனாகவே, வந்தவாசிக்கு அருகில் ஒரு சிற்றூரில் அமர்ந்தபடி, ஒரு கணினியும் இணைய இணைப்பும் கொண்டு ஒருவர் இன்று தொழில் தொடங்க முடிகிறது.

இணையப் பக்கம் ஒன்றை ஆக்குவதற்கு மூன்று கணினி மொழிகள் அடிப்படையானவை. எச்.டி.எம்.எல். பக்கத்திற்கு எலும்புக்கூடு, சி.எஸ்.எஸ். அதற்கு ஆடை அணி. ஜாவாஸ்கிரிப்ட் அதற்கு அசைவு. பக்கம் எவ்வாறு தோன்ற வேண்டும் என்று திட்டமிடுபவர் வடிவமைப்பாளர். அதனை நிரலாக எழுதி இயங்கச் செய்பவர் உருவாக்குநர். வீடு கட்டும்போது வரைபடம் போடுபவரும் கொத்தனாரும் வெவ்வேறு ஆட்கள். 'ஃப்ரீலான்சர்' எனப்படும் தனித்தொழிலருக்கோ இவ்விரண்டும் தம் பணியே. விலை பேசுபவரும், கணக்கு எழுதுபவரும், நிலுவைக்காக நடப்பவரும் அவரே.

இப்பணியின் பெரும்பகுதி, பணம் கொடுப்பவரின் கண்ணுக்குத் தெரியாதது. எழுத்தின் நிறத்திற்கும் பின்புலத்தின் நிறத்திற்கும் இடையேயுள்ள ஒளி வேறுபாடு, சாதாரண அளவு எழுத்துக்கு, குறைந்தது 4.5க்கு 1 என்னும் விகிதத்தில் இருத்தல் வேண்டும் என்று அனைத்துலக அணுகல் நெறிமுறை கூறுகிறது. முதுமையால் பார்வை மங்கியவர் படிப்பதற்கு அது உதவும். படம் ஒவ்வொன்றுக்கும் உரிய விளக்கத்தை நிரலினுள் எழுதினால், பார்வையற்றவரின் திரைவாசிப்பு மென்பொருள் அதனைப் படித்துக் காட்டும். தமிழ்ச் செய்தியைப் படமாக ஒட்டாமல் ஒருங்குறி எழுத்தில் இட்டால்தான் தேடுவோர்க்கு அது எளிதில் கிடைக்கும். இவற்றைச் செய்யாமல் விட்டாலும் பக்கம் முதற்பார்வைக்கு அழகாகவே இருக்கும். யாரும் குறை சொல்லப் போவதில்லை. கேட்பாரற்ற இடத்திலும் செம்மையாகச் செய்வதே இத்தொழிலின் முதல் நாணயம்.

இரண்டாவது நாணயம் இன்னும் கடினமானது. ஆரணியில் பட்டுச் சேலை விற்கும் ஒரு குடும்பத்தைக் கருதிப் பாருங்கள். அவர்களுக்குக் கணினி பழக்கமில்லை. தளத்தை அமைக்க ஒப்புக்கொண்ட இளைஞர், அதன் முகவரியாகிய தளப்பெயரைத் தம் பெயரிலும், தம் மின்னஞ்சலிலும் பதிவு செய்துவிடுகிறார். அதில் வஞ்சகம் ஏதுமில்லை. அது எளிதாக இருந்தது, அவ்வளவே. தளப்பெயர் விலைக்கு வாங்கிய நிலம் போன்றதன்று; உரிய காலத்தில் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டியது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவ்விளைஞர் வேறு வேலைக்குச் சென்றுவிடுகிறார். பழைய மின்னஞ்சலைப் பார்ப்பதில்லை. புதுப்பிக்கும் நாள் கடந்துபோகிறது. சலுகைக் காலமும் முடிந்தபின், அப்பெயரை உலகில் எவரும் பதிவு செய்துகொள்ளலாம். சேலை உறைகளிலும் அழைப்பிதழ்களிலும் அச்சிட்ட முகவரி அக்குடும்பத்தின் கையைவிட்டுப் போகிறது.

ஆகவே, தளப்பெயரையும், தளம் தங்கியிருக்கும் சர்வர் கணக்கையும் முதல் நாளிலேயே வாடிக்கையாளர் பெயரில் பதிவு செய்தல் வேண்டும். பணி முடிந்த அன்று கடவுச்சொற்கள், புதுப்பிக்க வேண்டிய நாட்கள், காப்புப் பிரதி ஆகியவற்றை ஒப்படைத்து, அவை யாவை என்று எளிய தமிழில் ஒரு தாளில் எழுதித் தரல் வேண்டும். திறவுகோலைத் தன்னிடம் வைத்துக்கொண்டால் வாடிக்கையாளர் விலகமாட்டார் என்று எண்ணுவோர் உளர். திறவுகோல் கையில் இருந்தும், பணியின் தரத்துக்காகத் திரும்பி வரும் வாடிக்கையாளரே நிலையான வாடிக்கையாளர்.

நாணயம் ஒருவழிப் பாதையன்று. "இன்னும் ஒரேயொரு சிறு மாற்றம்" என்று பத்து முறை கேட்டு, விலையை மட்டும் பழையபடி வைத்திருப்போரும் உண்டு. முகம் முறியுமே என்று அஞ்சி வாய்மொழியாக ஒப்புக்கொள்வதே இருபாலார்க்கும் இடர் விளைவிக்கிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் அல்லாத ஒருவர் எழுதிய நிரலுக்குப் பொதுவாக அவரே முதல் உரிமையாளர். அவ்வுரிமையை மாற்றித்தர எழுத்து வடிவமும் கையொப்பமும் தேவை. காலம் குறிக்காமல் எழுதினால் அம்மாற்றம் 5 ஆண்டுக்கே செல்லும்; இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும் எனக் கொள்ளப்படும். ஆதலால் எத்தனை பக்கம், எத்தனை திருத்தம், எவ்வளவு முன்பணம், உரிமை யாருக்கு என்பவற்றை ஒரு தாளிலேனும் எழுதிக் கையொப்பமிடுதல் நன்று.

தனித்தொழிலர் 'உத்யம்' தளத்தில் குறுந்தொழிலாகக் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம். அவ்வாறு பதிவு செய்தவருக்குரிய தொகையை, பணியை ஏற்றுக்கொண்டபின் 45 நாட்களுக்குமேல் நிறுத்திவைக்கலாகாது என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் விதிக்கிறது. தாழ்த்தினால் வட்டியும் சேரும்.

பெற்றோர்க்கும் இங்கொரு கடமை உண்டு. ஒரு மாதம் மூன்று பணிகள் வரும். அடுத்த இரு மாதம் ஒன்றும் வாராமற்போகும். வருங்கால வைப்பு நிதி இல்லை. ஊதியத்துடன் கூடிய விடுப்பும் இல்லை. நல்ல மாதத்தின் வருவாயில் ஒரு பங்கை எடுத்துவைக்கக் குடும்பம் துணைநிற்றல் வேண்டும். கணினி முன் அமர்ந்திருக்கும் மகளை, வீட்டில்தானே இருக்கிறாள் என்று நொடிக்கொருமுறை அழைக்காதிருப்பதும் அத்துணையில் அடங்கும்.

இனி, எந்த நிறுவனம் என்று கேட்டு நிறுத்திவிடாமல், இன்னுமொரு கேள்வியையும் கேளுங்கள்: "இதுவரை அமைத்துக் கொடுத்த தளங்களின் திறவுகோல்கள் யாரிடம் இருக்கின்றன?" உரியவர்களிடம் இருக்கின்றன என்று தயங்காமல் விடை வருமானால், அந்தப் பிள்ளையின் தொழிலைக் குறித்து எவரும் அஞ்ச வேண்டியதில்லை.