குமரப்பா கேட்ட கேள்வி: உழுகிறவன் யார்?
(வண்டியூரில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேசப் போவது ஒரு பொருளாதார நிபுணரின் வாழ்க்கையைப் பற்றி. அவர் கம்யூனிஸ்ட் அல்ல. தெய்வ நம்பிக்கையுள்ள கிறிஸ்தவர், காந்திஜியின் சீடர், பெரிய ஆலைகள் வேண்டாமென்று எழுதியவர். "அப்படிப்பட்டவரைப் பற்றி நம் மேடையில் என்ன பேச்சு?" என்று ஆலைத் தோழர்கள் கேட்கலாம். கேட்பது நியாயந்தான். ஆனால் உழுகிறவன் யார், உழுவதாகச் சொல்லிக் கொள்கிறவன் யார் என்பதைக் காங்கிரஸ் கட்சியின் சொந்த அறிக்கையிலேயே பிரித்துக் காட்டியவர் அவர். அவர் பெயர் ஜே. சி. குமரப்பா.

1892 ஜனவரி 4ந் தேதி தஞ்சாவூரில் பிறந்தார். தகப்பனார் சர்க்கார் மராமத்து இலாகா உத்தியோகஸ்தர். வசதியான குடும்பம். மகனை லண்டனுக்கு அனுப்பிக் கணக்குத் தணிக்கை படிக்க வைத்தார்கள். ஜோசப் கார்னீலியஸ் என்ற பெயரோடு பம்பாயில் தணிக்கைக் கம்பெனி நடத்தினார். கோட்டும் சூட்டும் தரித்து, பணக்காரர்களின் பேரேட்டைப் புரட்டும் வேலை.

பிறகு அமெரிக்கா போனார். கொலம்பியா பல்கலைக் கழகத்தில், செலிக்மன் என்ற பேராசிரியரிடம், இந்தியாவின் வரிப்பணத்தை ஆராய்ந்தார். மற்றவர்கள் கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்வார்கள். இவர் ஒரு சாம்ராஜ்யத்தின் கணக்கையே தணிக்கை செய்தார் என்று சொல்லலாம். வரி கொடுக்கிறவன் குடியானவன். பணம் போவதோ பட்டாளத்துக்கும், வெள்ளை உத்தியோகஸ்தர்களின் சம்பளத்துக்கும், கடனுக்கு வட்டிக்கும். ஜனங்கள் சோம்பேறிகளாக இருப்பதால்தான் இந்தியா ஏழை நாடு என்று அந்த நாளில் வெள்ளைக்காரன் பேசினான். நம்மூர்ப் பெரிய மனிதர்களும் அதற்குத் தலையாட்டினார்கள். சோம்பல் அல்ல, சுரண்டல் என்று கணக்கைக் கொண்டே காட்டினார் குமரப்பா.

1929ல் சபர்மதியில் காந்திஜியைச் சந்தித்தார். இந்த ஆராய்ச்சி 'யங் இந்தியா'வில் தொடர்ந்து வெளிவந்தது. கார்னீலியஸ் போய், குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா வந்தது. கோட்டு போய்க் கதர் வந்தது. குஜராத்தில் கேடா ஜில்லா மாத்தர் தாலுகாவின் 54 கிராமங்களில், மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகக் கணக்கெடுத்தார். வருமானம் என்ன, வரி என்ன, கடன் என்ன என்று குடியானவனிடமே கேட்டு எழுதினார். புத்தகத்தைப் பார்த்துப் புத்தகம் எழுதும் நிபுணர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். இவர் அந்த ரகமல்ல.

1934ல் பீகாரில் பயங்கரமான பூகம்பம். நிவாரண நிதிக் கணக்குக்கு இவர் பொறுப்பு. காந்திஜியும் கூட வந்தவர்களும் அங்கே தங்கியபோது, அவர்கள் செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். காந்திஜிக்கே இந்தப் பதில்! நம் சங்கத்தின் பொருளாளர்கள் இதைக் காதில் போட்டுக் கொள்வது நல்லது.

பலமுறை சிறை சென்றார். ஜபல்பூர் சிறையில் எழுதியதுதான் 'நிலைத்த பொருளாதாரம்' பற்றிய புகழ்பெற்ற நூல்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். சுதந்திரம் வந்தது. நிலத்தை என்ன செய்வது என்று ஆராயக் காங்கிரஸ் ஒரு கமிட்டி போட்டு, குமரப்பாவைத் தலைவராக்கியது. 1949 ஜூலையில் அறிக்கை வந்தது. சர்க்காருக்கும் உழுகிறவனுக்கும் நடுவே எந்த இடைத்தரகனும் கூடாது. விதவைகள், சிறுவர்கள், ஊனமுற்றோர் தவிர வேறு யாரும் நிலத்தை வாரத்துக்கு விடக்கூடாது. ஆறு வருஷம் தொடர்ந்து உழுதவனுக்கு நிலத்தில் முழு உரிமை தானாகவே வரவேண்டும். நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டும்.

இவையெல்லாம் நாமும் கேட்டவைதான். ஆனால் நிலப்பிரபுக்களை உண்மையில் கலங்கடித்தது வேறொரு வரி. "சொந்தச் சாகுபடி" என்றால் என்ன? குறைந்தபட்ச அளவாவது உடலுழைப்பைச் செலுத்தி, சாகுபடி வேலையில் நேரடியாகப் பங்கு கொள்கிறவன்தான் சொந்தச் சாகுபடியாளன் என்று அறிக்கை சொன்னது. வரப்பில் குடை பிடித்து நின்றவன் உழவன் அல்ல. பட்டணத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நெல்மூட்டையை எண்ணுகிறவன் உழவன் அல்ல. சேற்றில் கால் வைத்தாயா, இல்லையா? அதுதான் கேள்வி.

இந்த ஒரு வரி சட்டமாகியிருந்தால் என்ன நடந்திருக்கும்! அதனால்தான் ஆகவில்லை. பல மாநிலங்களில் சட்டம் எழுதியபோது, கூலியாளை வைத்து மேற்பார்வை பார்த்தாலே போதும், அதுவும் சொந்தச் சாகுபடிதான் என்று ஓட்டை போட்டார்கள். அந்த ஓட்டை வழியே குத்தகைக் குடியானவர்கள் கூட்டங்கூட்டமாக வெளியே தள்ளப்பட்டார்கள். நேற்றுவரை குத்தகைதாரன், இன்று அதே வயலில் தினக்கூலி. உச்சவரம்புச் சட்டம் நம் மாநிலத்தில் 1961ல்தான் வந்தது. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றார்கள். 1970ல் 15 ஆக்கினார்கள். எஸ்டேட்டுக்கு விலக்கு, அறக்கட்டளைக்கு விலக்கு. பினாமிப் பெயர்களோ கணக்கில்லை. கமிட்டி அறிக்கை வந்து பன்னிரண்டு வருஷம் மிராசுதார்களுக்கு அவகாசம் கிடைத்தது. எழுதி மாற்ற அது போதாதா?

குமரப்பா சும்மா இருக்கவில்லை. 1951ல் நல்லெண்ணத் தூதுக்குழுவோடு சீனா சென்றார். அடுத்த வருஷம் சோவியத் நாட்டுக்கும் போனார். சீனாவில் நிலம் உழுகிறவன் கைக்கு வந்ததைக் கண்ணால் கண்டு, திறந்த மனதோடு பாராட்டி எழுதினார். பழைய நண்பர்கள் சிலருக்கு அது கசந்தது.

ஆனால் நமக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆலை வந்தால் செல்வம் சிலர் கையில் குவியும், ஆகவே கைத்தொழிலே மேல் என்றார். செல்வம் குவிந்தது உண்மை. குவித்தது கதிரா, கதிருக்குச் சொந்தக்காரனா? எட்டு மணி நேர வேலையையும், பஞ்சப்படியையும், போனஸையும் ஆலைத் தொழிலாளி வாங்கியது ராட்டைக்குத் திரும்பியல்ல. ஆலைவாசலில் ஒன்றாக நின்று. எஜமானன் தர்மகர்த்தாவாக மாறுவான் என்ற காந்திய நம்பிக்கையையும் நாம் ஏற்கவில்லை. நம் அனுபவத்தில் அப்படி ஒருவரையும் பார்த்ததில்லை.

கடைசிக் காலத்தில் அவர் நம் ஜில்லாவுக்கே வந்துவிட்டார். டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் வாழ்ந்தார். ஓர் ஏழைக் குடியானவனின் படத்தை வைத்திருந்து, "இவர் என் குருவின் குரு" என்று வந்தவர்களுக்குக் காட்டுவாராம். 1960 ஜனவரி 30ந் தேதி, காந்திஜி மறைந்த அதே தேதியில், காலமானார்.

இந்தக் கதை வண்டியூருக்கு எதற்கு? கண்மாய்த் தண்ணீரில் நெல் விளைந்த வயல்களில் பல வீட்டு மனையாகிவிட்டதை நீங்களே பார்க்கிறீர்கள். மனையாகும்போது பணம் யாருக்குப் போகிறது? பட்டாவில் பெயருள்ளவருக்கு. வாய்ப்பேச்சை நம்பி தலைமுறையாக உழுதவருக்கு, "நீ யார்? சீட்டு இருக்கிறதா?" என்ற கேள்விதான் கிடைக்கிறது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி பெயர் ஏறியவர்கள் நம்மில் எத்தனை பேர்? நெல் அளந்த ரசீது, சாட்சி சொல்லக்கூடிய பக்கத்து வயல்காரர், எது இருந்தாலும் பயன்படும். வாரத்துக்கு உழும் தோழர்கள் கூட்டம் முடிந்ததும் கலைய வேண்டாம். சர்வே நம்பர் தெரிந்தவர்கள் முதலில் வாருங்கள்; தெரியாதவர்கள் வயலின் நான்கு எல்லையைச் சொல்லுங்கள். மனுவை இங்கேயே உட்கார்ந்து எழுதிவிடுவோம்.