பெரிய சக்கரமும் மலைப்பாதையும்



திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில் கல்லாறு என்னும் சிற்றூர் இருக்கின்றது. உருண்டைக் கற்களின்மீது தெளிநீர் தவழ்ந்தோடும் ஆற்றின் பெயரே ஊருக்கும் அமைந்தது. அவ்வூரைக் கடந்ததும் சாலையின் குணம் மாறிவிடுகின்றது. 22 கொண்டையூசி வளைவுகளில் ஏறினால்தான், ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்திலுள்ள பொன்முடியை அடையலாம். வண்டியின் உள்ளுறுப்புக்களைச் சோதித்துப் பார்க்க இத்தகைய மலைப்பாதையைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை.

பிழைப்பை நாடி வெளிமாநிலங்களுக்குச் சென்ற நம்மவருள் மலைச்சாலைகளில் ஜீப்பு ஓட்டுவோரும், பட்டறைகளில் பணிபுரிவோரும் உண்டு. அவர்களிடம் இன்று அடிக்கடி வந்து சேரும் வேண்டுகோள் ஒன்று: “வண்டியை உயர்த்துங்கள், பெரிய டயரைப் பூட்டுங்கள்.” காண்பதற்கு அது கம்பீரமே. கல்லும் பள்ளமும் அடியில் இடியா என்பதும் மெய்யே. ஆயினும் டயர் பெருத்தால் அதற்கு ஈடாக வேறொன்றும் மாற வேண்டும் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.

அது எதுவெனில், அச்சினுள் இருக்கும் கிரவுன், பினியன் என்னும் இரு பற்சக்கரங்களின் விகிதம். சிறிய பினியன் பலமுறை சுழல, பெரிய கிரவுன் ஒருமுறை சுழல்கின்றது. வேகம் குறைந்து வலிமை பெருகுவது இவ்விடத்தில்தான். 1941 முதல் போர்முனைக்குச் சென்ற வில்லிஸ் ஜீப்பில் பினியனுக்கு 8 பற்கள், கிரவுனுக்கு 39 பற்கள், விகிதம் 4.88. போர் முடிந்து 1945இல் உழவர்க்கென வந்த ஜீப்பிலோ கிரவுனுக்கு 43 பற்கள், விகிதம் 5.38. ஏர் இழுக்க வேகம் வேண்டாம், இழுவையே வேண்டும் என்பதை உணர்ந்து செய்த மாற்றம் அது.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். 28 அங்குல விட்டமுள்ள டயரும் 4.10 விகிதமும் கொண்ட வண்டிக்கு 33 அங்குல டயரைப் பூட்டுகின்றோம் என்க. சக்கரம் ஒருமுறை சுழன்றால் வண்டி முன்னைவிட 18 விழுக்காடு மிகுதியான தூரம் செல்லும். தூரம் மிகுந்த அளவுக்கு இழுவை குறையும். கைப்பிடியைச் சுழற்றி நீர் இறைக்கும் உருளையைப் பருமனாக்கிவிட்டால், வாளி விரைவாக மேலே வரும், கை வலிக்கும். எஞ்சினுக்கு நேர்வதும் அதுவே. வளைவில் வண்டி திணறும், ஓட்டுநர் கிளச்சைப் பாதி மிதித்தே ஏற்றுவார், கிளச்சு கருகும்.

பரிகாரம் எளிய பெருக்கலில் இருக்கின்றது. பழைய விகிதத்தைப் புதிய டயரின் விட்டத்தால் பெருக்கிப் பழைய விட்டத்தால் வகுக்க வேண்டும். 4.10 என்பது 4.83 ஆகும். அதற்கு அண்மையில் கிடைக்கும் 4.88 விகிதத்தைப் பூட்டினால் வண்டி பழைய இழுவையைப் பெறும். கியர்ப்பெட்டியின் பக்கமிருந்து வேகமானி இயங்கும் வண்டிகளில் மற்றொரு பிழையும் தீரும். டயரை மட்டும் மாற்றினால் உண்மையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது மானி 51 என்றே காட்டும்!

நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியில் முன்னச்சு, பின்னச்சு இரண்டையும் ஒரே விகிதத்துக்கு மாற்ற வேண்டும். செலவுக்கு அஞ்சிப் பின்னச்சை மட்டும் மாற்றினால், நான்கு சக்கர இணைப்பைப் போட்டதும் இரண்டு அச்சுக்களும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்று பற்களை முறித்துவிடும்.

இத்துடன் கவலை தீர்ந்ததா என்றால், இல்லை. ஏறுவது பாதிதான், இறங்குவது மறுபாதி. விகிதத்தை மாற்றினால் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் தன்மை மீளும். ஆனால் சக்கரத்தின் பிரேக்குக்கு அதனால் யாதொரு நன்மையும் இல்லை. அதே பிரேக்கு பெரிய சக்கரத்தைத் தடுக்கும்போது, சாலையில் அதன் பிடி 15 விழுக்காடு குறைகின்றது. வண்டியை உயர்த்தியதால் வளைவில் சாயும் அபாயமும் கூடியிருக்கின்றது. ஏறுவதற்குப் பணம் செலவிட்டவர், இறங்குவதற்கான பிரேக்கை மறந்தால் என்ன பயன்?

சட்டத்தையும் கருத வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் குறித்துக் கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில், உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆகவே பட்டறைக்குச் செல்லுமுன் பதிவு அலுவலகத்தைக் கேட்டறிவதே அறிவுடைமை. உற்பத்தியாளர் குறித்த அளவிலேயே நல்ல பிடிப்புள்ள டயரைத் தேர்ந்தால், பெரும்பாலோர்க்கு அதுவே போதும்.

அகலக்கால் வைக்காதே என்றனர் நம் முன்னோர். வண்டியின் காலுக்கும் அது பொருந்தும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மலையோட்டிகளின் பழமொழி. பொன்முடியிலிருந்து கல்லாற்றுக்கு இறங்குவோரும், எம்மலையிலேனும் பிறர் உயிரைச் சுமந்து ஓட்டும் நம்மவரும் இதை நெஞ்சில் இருத்துவார்களாக.